ஒரு டாலருக்கு ஒரு வீடு: பால்டிமோர் வரிசை வீடுகளின் கதை

1973-ம் ஆண்டு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் ஒரு வித்தியாசமான திட்டத்தைத் தொடங்கியது. நகராட்சியின் கையில் இருக்கும் பழைய வீடுகளை விற்கப்போகிறோம், விலை ஒரே ஒரு டாலர் என்றது. ஆம், ஒரு டாலர்தான்! அன்றைய கணக்கில் ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூடக் காணாத காசு. அந்தக் காசுக்கு நூறு வருடத்துக்கு மேல் பழமையான செங்கல் வீடு, அதுவும் துறைமுகத்துக்குப் பக்கத்தில்.

கேட்டால் அதிர்ஷ்டம் மாதிரித் தெரிகிறது. ஆனால் ஒரு வீட்டின் விலை ஒரு டாலருக்கு இறங்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நிறைய நடந்திருக்க வேண்டும். அந்த வீட்டை யார் கட்டினார்கள், யார் இருந்தார்கள், ஏன் போனார்கள், எப்படி அது நகராட்சி கைக்கு வந்தது? ஜப்தியான பழைய வீட்டை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிக்கிறவர்கள் பொதுவாக இந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை. கூரை ஒழுகுகிறதா, தரை தாங்குமா என்பதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பால்டிமோரில் ஒழுகுகிற கூரைக்கும் நகரத்தின் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்தக் கதைதான் இது.

வரிசை வீடு என்றால் என்ன?

மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் பால்டிமோர் 1729-ல் உருவான துறைமுக நகரம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அங்கே வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டன. ஒரு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒட்டு ஒட்டாக வீடுகள். பக்கத்து வீட்டுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர், அது இருவருக்கும் பொது. முன்பக்க அகலம் பெரும்பாலும் 12 முதல் 16 அடி. சந்துகளில் இருக்கும் ஏழைகளின் வீடுகள் இன்னும் குறுகலாக இருக்கும். பணக்காரர்கள் பெரிய தெருவில் மூன்று மாடி கட்டினார்கள். தொழிலாளிகள் பின்னால் இருக்கும் சின்னத் தெருவில் இரண்டு மாடி கட்டினார்கள். அளவு மாறினாலும் அமைப்பு ஒன்றுதான்.

இந்த வீடுகளுக்கு ஓர் அடையாளம் உண்டு: வெள்ளைப் பளிங்குப் படிகள். நகரத்துக்கு வடக்கே காக்கீஸ்வில் என்ற ஊரில் இருந்த சுரங்கத்திலிருந்து வந்த கல் அது. தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் உயரமான நினைவுத் தூணுக்கும் அங்கிருந்து கல் போனது. தொழிலாளி வீடாக இருந்தாலும் வாசலில் பளிங்குப் படி இருக்கும். வாரம் தவறாமல் பெண்கள் அதைத் தேய்த்துக் கழுவுவார்கள். வாசலைப் பார்த்தே வீட்டை எடைபோடும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல, பால்டிமோர்காரர்களுக்கும் அதேதான்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். 1913-ல் செக் நாட்டிலிருந்து குடியேறிய வில்லியம் ஆக்டவெக் என்ற மளிகைக் கடைக்காரர் தன் கடையின் கம்பிவலைக் கதவில் காய்கறிப் படம் வரைந்தார். வெளியிலிருந்து பார்த்தால் படம் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது, ஆனால் உள்ளிருந்து தெருவைப் பார்க்கலாம். வாசலும் நடைபாதையும் ஒட்டியிருக்கும் வீடுகளுக்கு இதைவிட நல்ல திரைச்சீலை வேறென்ன? கிழக்கு பால்டிமோர் முழுக்க இந்தப் படம் வரைந்த வலைகள் பரவின.

பிறகு 1937-ல் ஆல்பர்ட் நைட் என்பவர் ஃபார்ம்ஸ்டோன் என்ற பூச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். செங்கல் சுவரின் மேல் சிமெண்டைப் பூசிக் கருங்கல் மாதிரிக் கோடு போடும் வித்தை. செங்கல்லுக்கு அடிக்கடி வண்ணம் அடிக்க வேண்டாம் என்று சொல்லி விற்றார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே மாதத்தில் வாங்கிய ஒரே துணியில் தைத்த சட்டை மாதிரி ஆகிவிட்டன. இன்று பழைய வீட்டை வாங்குகிறவர்கள் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று இந்தப் பூச்சை உரித்து எடுப்பதுதான். உரித்த பிறகு அடியில் இருக்கும் செங்கல் நன்றாக இருந்தால் யோகம்.

வீடு ஒருவருக்கு, மனை இன்னொருவருக்கு

தொழிலாளிகளால் எப்படிச் சொந்த வீடு வாங்க முடிந்தது? இரண்டு காரணங்கள்.

முதலாவது, பேட்டைக்குப் பேட்டை இருந்த கட்டடக் கடன் சங்கங்கள். ஜெர்மானியர், செக், போலந்துக்காரர் என்று ஒவ்வொரு சமூகமும் தன் தேவாலயத்தையோ மதுக்கடையையோ சுற்றி ஒரு சங்கம் வைத்திருந்தது. வாராவாரம் உறுப்பினர்கள் சிறுதொகை கட்டுவார்கள், அந்தப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கே வீட்டுக் கடன் போகும். சீட்டு பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, அடிமனை வாடகை. இது காலனி ஆட்சிக் காலத்திலிருந்து வந்த முறை. வீட்டை வாங்குகிறவர் கட்டடத்தை மட்டும் வாங்குவார், நிலம் வேறொருவருடையது. அந்த நிலத்துக்கு 99 வருடக் குத்தகை, என்றென்றும் புதுப்பித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு கோயிலுக்கு மனை வாடகை கட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். நிலத்தின் விலையைக் கொடுக்க வேண்டாம் என்பதால் வீட்டின் விலை குறைந்தது. வாடகையும் வருடத்துக்குச் சில பத்து டாலரிலிருந்து நூற்றுச் சொச்சம் டாலர்தான்.

1884 ஏப்ரலுக்குப் பிறகு உருவான குத்தகைகளை வீட்டுக்காரர் விரும்பினால் மொத்தமாக விலை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. பெரும்பாலானவற்றுக்கு 6 சதவீதக் கணக்கு. அதாவது வருட வாடகை 90 டாலர் என்றால் 1,500 டாலர் கொடுத்தால் நிலமும் சொந்தம். ஆனால் பலர் கொடுக்கவில்லை. சிறிய தொகைதானே, கட்டிக்கொண்டே இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிறிய தொகை பின்னாளில் பெரிய ஆபத்தாக மாறியது. வாடகை பாக்கி வைத்தால் நிலக்காரர் வழக்குப் போட்டு வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய சட்டத்தில் இடம் இருந்தது. 2006-ல் பால்டிமோர் சன் பத்திரிகை இதை விரிவாக ஆராய்ந்து எழுதியது. சில நூறு டாலர் பாக்கிக்காக முழு வீட்டையும் இழந்தவர்கள் இருந்தார்கள். தாத்தா காலத்து வீட்டில் இருந்தவர்களுக்கு நிலம் தங்களுடையது இல்லை என்பதே தெரியாமல் இருந்தது! 2007-ல் மேரிலாந்து சட்டமன்றம் வீடுகளுக்குப் புதிதாக அடிமனை வாடகை ஏற்படுத்துவதைத் தடை செய்தது. பழையவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. அந்தச் சீர்திருத்தத்தின் சில பகுதிகளைப் பின்னர் 2011-லும் 2014-லும் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. ஆகவே பால்டிமோரில் பழைய வீடு வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்கும்போது அடிமனை வாடகை இருக்கிறதா என்று இன்றைக்கும் பார்க்க வேண்டும்.

சட்டம் கிழித்த கோடு

இனி கதையின் கசப்பான பகுதி. 1910-ல் ஜார்ஜ் மக்மெக்கன் என்ற கறுப்பின வழக்கறிஞர் மக்கல்லோ தெருவில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினார். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். அது வெள்ளையர்கள் வசித்த தெரு. எதிர்ப்பு கிளம்பியது. அந்த வருட இறுதியிலேயே நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது: வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கும் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது, கறுப்பர் பெரும்பான்மையாக இருக்கும் தெருவில் வெள்ளையர் குடியேறக் கூடாது. அமெரிக்காவில் இந்த மாதிரிச் சட்டம் போட்ட முதல் நகரம் பால்டிமோர்தான். மற்ற நகரங்கள் பார்த்துக் காப்பியடித்தன. 1917-ல் லூயிவில் நகரத்து வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய சட்டங்கள் செல்லாது என்றது.

சட்டம் போனால் என்ன, பத்திரம் இருக்கிறதே! இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்க மாட்டேன் என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதினார்கள். 1948-ல்தான் அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது.

இடையில் பெரும் பொருளாதார மந்தம். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் ஜப்தியானவர்களைக் காப்பாற்ற 1933-ல் மத்திய அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை அமைத்தது. அது நகரங்களை நான்கு வண்ணங்களில் பிரித்து வரைபடம் போட்டது. பச்சை என்றால் நல்ல பேட்டை, அடுத்து நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு. பால்டிமோரின் வரைபடம் 1937-ல் வந்தது. பழைய வரிசை வீடுகளும் கறுப்பின மக்களும் இருந்த பகுதிகள் சிவப்பாயின. இந்த வரைபடங்கள் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முன்பு எழுதினார்கள். இப்போதைய ஆய்வாளர்கள் பலர், 1934-ல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தின் கடன் காப்பீட்டு விதிகள்தான் அதைவிடப் பெரிய சேதம் செய்தன என்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் விளைவு ஒன்றுதான். புறநகரில் புது வீடு வாங்கும் வெள்ளைக் குடும்பத்துக்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைத்தது. நகரத்துக்குள் பழைய வீடு வாங்க நினைத்த கறுப்பினக் குடும்பத்துக்கு வங்கிக் கதவு திறக்கவில்லை.

வங்கி கடன் கொடுக்காவிட்டால் ஆட்கள் வேறு வழி தேடுவார்கள். தவணை ஒப்பந்தம் என்று ஒன்று வந்தது. மாதாமாதம் தவணை கட்ட வேண்டும், கடைசித் தவணை கட்டும் வரை பத்திரம் விற்பவர் பெயரில்தான் இருக்கும். நடுவில் தவறினால் கட்டியது போச்சு, வீடும் போச்சு. வீட்டு வியாபாரிகள் வெள்ளைக்காரர்களைப் பயமுறுத்திக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள், அதே வீட்டைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அதிக விலைக்கு விற்றார்கள். மேற்கு பால்டிமோரின் எட்மண்ட்சன் வில்லேஜ் பகுதி 1955-க்கும் 1965-க்கும் இடையே இப்படித்தான் ஏறக்குறைய முழுவதுமாக மாறியது. அதிகத் தவணை கட்டுகிற குடும்பத்துக்குக் கூரையைப் பழுது பார்க்கக் காசு மிஞ்சாது. கூரை ஒழுகியதற்குக் காரணம் இதுதான்.

1950-ல் பால்டிமோரின் மக்கள்தொகை 9,49,708. அமெரிக்காவின் ஆறாவது பெரிய நகரம். அதன் பிறகு இறங்குமுகம்தான். உருக்காலை, கப்பல் கட்டும் தளம் என்று வேலைகள் குறைந்தன. 2000-ல் 6,51,154. 2020-ல் 5,85,708. எழுபது வருடத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் இருந்த வீடுகள் எங்கேயும் போகவில்லை.

வந்த சாலையும் வராத சாலையும்

1960-களில் நகரத்தின் நடுவே பெரிய நெடுஞ்சாலைகள் போடத் திட்டமிட்டார்கள். சாலை போகும் வழியில் இருந்த வீடுகளைக் கையகப்படுத்தினார்கள். மேற்கு பால்டிமோரில் ஃபிராங்க்ளின், மல்பெரி தெருக்களுக்கு நடுவே 971 வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். சாலையோ சுமார் ஒன்றரை மைலோடு நின்றுபோனது. அதற்கு மக்கள் வைத்த பெயர் 'எங்கும் போகாத நெடுஞ்சாலை'.

கிழக்கே ஃபெல்ஸ் பாயிண்ட் பகுதியிலும் சாலை வர இருந்தது. அங்கே மக்கள் சேர்ந்து எதிர்த்தார்கள். பார்பரா மிகுல்ஸ்கி என்ற சமூகப் பணியாளர் முன்னணியில் நின்றார். பின்னாளில் அவர் முப்பது வருடம் அமெரிக்க செனட்டராக இருந்தார். 1969-ல் ஃபெல்ஸ் பாயிண்ட் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. சாலைத் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது. ஒரே நகரம், ஒரே திட்டம். ஒரு பக்கம் 971 வீடுகள் மண்ணோடு மண்ணாயின, இன்னொரு பக்கம் சுற்றுலாப் பயணிகள் நடக்கிற கற்பாவிய தெருக்கள் பிழைத்தன. பழமை என்ற சொல்லுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது, அது யாருக்குக் கைகொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

துறைமுகத்துக்கு அருகில் ஒட்டர்பீன் என்ற பகுதியிலும் சாலைக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் வீடுகளை எடுத்துக் குடும்பங்களை வெளியேற்றியிருந்தார்கள். அங்கே வீடுகள் இடிபடவில்லை, காலியாக நின்றன. இந்த வீடுகள்தான் ஒரு டாலருக்கு வந்தன.

அந்த ஒரு டாலர்

மேயர் வில்லியம் டொனால்ட் ஷேஃபரும் வீட்டுவசதி ஆணையர் ராபர்ட் எம்ப்ரியும் இந்தத் திட்டத்தை நடத்தினார்கள். ஆரம்பத்தில் ஓல்ட்டவுன் பகுதியின் ஸ்டர்லிங் தெரு. பிறகு 1975-ல் ஒட்டர்பீனில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் குலுக்கல் முறையில் கொடுக்கப்பட்டன. அதன் பிறகு பேர் சர்க்கிள் போன்ற இடங்கள்.

நிபந்தனைகள் கறாராக இருந்தன. குறித்த காலத்துக்குள் வீட்டைக் கட்டட விதிகளுக்கு ஏற்பச் செப்பனிட வேண்டும். வாங்கியவரே அதில் குடியிருக்க வேண்டும். வாங்கி மறுநாளே விற்றுவிட முடியாது. உள்ளே போய்ப் பார்த்தால் படிக்கட்டு இருக்காது, தண்ணீர்க் குழாய் இருக்காது, கூரையில் வானம் தெரியும். விலை ஒரு டாலர், செலவோ பல பத்தாயிரம் டாலர்.

ஆனாலும் திட்டம் வெற்றி பெற்றது. ஏன் என்று பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. முதலில், வீடுகள் சிதறிக் கிடக்கவில்லை, தெருத் தெருவாகச் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. பொதுச்சுவர் வீடுகளில் பக்கத்து வீடு இடிந்து கிடந்தால் உங்கள் வீட்டைச் சரிசெய்து பயனில்லை. இரண்டாவது, நகரமே குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. மூன்றாவது, அக்கம்பக்கத்தில் நடைபாதை, விளக்கு, பூங்கா என்று நகரம் தானும் செலவு செய்தது. 1980-ல் துறைமுகத்தில் ஹார்பர்பிளேஸ் என்ற அங்காடி திறந்தபோது ஒட்டர்பீன் வீடுகளின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது.

ஆக, ஒரு டாலர் என்பது விளம்பரம். வேலை செய்தது கடனும் நிபந்தனையும்தான். 1980-களில் மத்திய அரசின் பணம் வற்றியபோது திட்டமும் மெல்ல ஓய்ந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குலுக்கலில் ஜெயித்தவர்கள் கடனைத் திருப்பிக் கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்கள். சாலைக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அந்த மதிப்பு உயர்வில் பங்கு பெறவில்லை.

2008: மறுபடியும் ஜப்தி

ஒரு காலத்தில் கடனே கொடுக்க மறுத்த அதே பேட்டைகளில் 2000-களில் கடனைத் தேடி வந்து கொடுத்தார்கள், ஆனால் அதிக வட்டிக்கு. நல்ல கடனுக்குத் தகுதி உள்ளவர்களுக்கும் மோசமான கடன் விற்கப்பட்டது. 2008 ஜனவரியில் பால்டிமோர் நகரம் வெல்ஸ் ஃபார்கோ வங்கி மீது வழக்குப் போட்டது. கறுப்பினப் பேட்டைகளைக் குறிவைத்து இத்தகைய கடன்களை விற்றதால் ஜப்திகள் பெருகின, வீடுகள் காலியாகின, நகரத்துக்கு நஷ்டம் என்பது வழக்கு. 2012-ல் மத்திய நீதித்துறையோடு அந்த வங்கி நாடு தழுவிய சமரசத்துக்கு வந்தது. தொகை 175 மில்லியன் டாலருக்கு மேல். தவறை ஒப்புக்கொள்ளாமல்தான் அந்தச் சமரசம்.

அப்போது பால்டிமோரில் சுமார் 16,000 காலி வீடுகள் இருந்தன. 'தி வயர்' என்ற தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்குப் பலகை அடித்த அந்த ஜன்னல்கள் ஞாபகம் இருக்கும். அது செட் போட்டு எடுத்ததல்ல, நிஜத் தெருக்கள்.

வாங்குவது எப்படி?

பறிபோன வீடு பொதுவாக மூன்று வழிகளில் கைமாறுகிறது.

ஒன்று, வங்கி ஜப்தி. கடன் தவறியதும் வீடு பொது ஏலத்துக்கு வரும். பால்டிமோரில் இந்த ஏலம் நீதிமன்றத்தின் வாசற்படியில் நடப்பது வழக்கம். ஏலம் எடுப்பவர் முன்பணம் கட்ட வேண்டும், பிறகு நீதிமன்றம் விற்பனையை உறுதி செய்ய வேண்டும். பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்க்கவே முடியாது. இருக்கிறது இருக்கிறபடி.

இரண்டாவது, வரி ஏலம். சொத்து வரி பாக்கி இருந்தால் நகரம் அந்தப் பாக்கியை ஏலம் விடும். வாங்குபவர் வீட்டை வாங்குவதில்லை, கடனை வசூலிக்கும் உரிமையை வாங்குகிறார். வீட்டுக்காரர் வட்டியோடு கட்டினால் மீட்டுக்கொள்ளலாம். கட்டாவிட்டால் வழக்குப் போட்டு வீட்டை எடுக்கலாம். தண்ணீர்க் கட்டண பாக்கிக்குக்கூட வீடுகள் இப்படிப் போயின. 2019-ல்தான் மாநிலச் சட்டம் அதை நிறுத்தியது. பாக்கி வீட்டின் மதிப்பைவிட அதிகமாகிவிட்டால் தனியார் யாரும் சீந்த மாட்டார்கள், வீடு ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும். அதற்காகவே, பாக்கி மதிப்பைத் தாண்டிய காலி வீடுகளை நகரமே வழக்கின் மூலம் நேரடியாக எடுத்துக்கொள்ள 2019-ல் வழி செய்யப்பட்டது.

மூன்றாவது, நகரத்திடமிருந்தே வாங்குவது. 2010-ல் மேயர் ஸ்டெபனி ராலிங்ஸ்-பிளேக் இதற்காகத் தனித் திட்டம் கொண்டுவந்தார்.

சரி, வாங்கியாயிற்று. பணம்? சாதாரண வங்கி, குடியிருக்க முடியாத வீட்டுக்குக் கடன் தராது. அதற்கென்று மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தின் 203(கே) என்ற கடன் இருக்கிறது. வாங்கும் விலையும் பழுது பார்க்கும் செலவும் ஒரே கடனில் வரும், வேலை முடிய முடியப் பணம் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியில் வீடு இருந்தால் வரிச் சலுகையும் உண்டு. மத்திய அரசின் 20 சதவீதச் சலுகை வருமானம் தரும் கட்டடங்களுக்கு மட்டும்தான், சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது. ஆனால் மேரிலாந்து மாநிலம் சொந்த வீட்டுக்காரர்களுக்கும் வரிச் சலுகை தருகிறது. நகரத்தின் பங்கு வேறு. 1964-ல் அமைக்கப்பட்ட வரலாற்று, கட்டடக்கலைப் பாதுகாப்பு ஆணையம் ஒப்புதல் கொடுத்தால், புதுப்பித்ததால் உயரும் மதிப்புக்கு 10 வருடம் சொத்து வரிச் சலுகை கிடைக்கும். பதிலுக்கு ஜன்னல், கதவு, முகப்பு எல்லாம் ஆணையம் சொல்கிறபடி இருக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும் என்பது முக்கியம். தொடங்கிவிட்டுப் போய் நின்றால் சலுகை போய்விடும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

வரிசை வீட்டில் தரையைத் தாங்கும் மர விட்டங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மறு பொதுச்சுவருக்குப் போகும். விட்டத்தின் முனைகள் சுவருக்குள் குழியில் உட்கார்ந்திருக்கும். கூரை பின்பக்கமாகச் சரிந்து தண்ணீரை வடிக்கும். அங்கே ஒழுக ஆரம்பித்தால் தண்ணீர் சுவர் வழியே இறங்கி விட்டத்தின் முனையை அரிக்கும். ஒரு நாள் மேல்தளம் கீழ்த்தளத்தின் மேல் விழும், அது அடித்தளத்தின் மேல் விழும். வெளியே நின்று பார்த்தால் முகப்பு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். விட்டங்கள் முகப்பின் மேல் உட்காரவில்லை அல்லவா, அதனால்தான். முகப்பைப் பார்த்து ஏலம் எடுக்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

செங்கல்லிலும் சூட்சுமம் உண்டு. முகப்பில் நன்றாகச் சுட்ட கல், உள்சுவரில் அரைவேக்காட்டுக் கல். இரண்டையும் பிணைத்தது சுண்ணாம்புக் காரை. இன்றைய சிமெண்டை அதில் அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லே உதிரும். கல்லைவிடக் காரை மென்மையாக இருக்க வேண்டும் என்பது பழைய கொத்தனார்களின் பாடம். பக்கத்து வீட்டை இடித்துவிட்டாலோ, அந்த அரைவேக்காட்டுச் சுவர் மழையில் நேராக நனையும். அதனால் ஒரு வீட்டை இடிப்பது பக்கத்து இரண்டு வீடுகளையும் நோயாளியாக்குவது.

பிறகு ஈயம். வீட்டுக்குள் அடிக்கும் வண்ணத்தில் ஈயம் கூடாது என்று 1951-லேயே பால்டிமோர் தடை போட்டது. நாடு முழுவதும் தடை வந்தது 1978-ல். ஆனால் அதற்கு முன் அடித்த வண்ணம் ஜன்னல் சட்டங்களில் அப்படியே இருந்தது. ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் தூள் உதிரும், குழந்தைகள் வாயில் போகும். கவனக்குறைவாகச் சுரண்டினால் புதுப்பிக்கிறவர் குடும்பத்துக்கும் அதே கதி.

காலி வீடு யாருக்கும் தீங்கில்லாமல் சும்மா நிற்பதும் இல்லை. 2022 ஜனவரியில் ஸ்ட்ரிக்கர் தெருவில் காலியாக இருந்த வரிசை வீடு ஒன்று தீப்பிடித்து இடிந்து விழுந்ததில் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

மறுபடியும் ஒரு டாலர்

2023 டிசம்பரில் நகரமும் சமூக அமைப்புகளும் வணிகர்களும் சேர்ந்து 15 வருடத்தில் 3 பில்லியன் டாலர் செலவில் காலி வீடுகளை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். 2024-ல் பால்டிமோர் மறுபடியும் ஒரு டாலருக்கு வீடு விற்க முடிவு செய்தது. தனிநபர்களுக்கும் சமூக நில அறக்கட்டளைகளுக்கும் 1 டாலர். கட்டட நிறுவனங்களுக்கும் பெரிய தொண்டு நிறுவனங்களுக்கும் 3,000 டாலர். அப்போது காலி வீடுகள் சுமார் 13,000. அறிவிப்பு வந்தவுடனேயே வாக்குவாதமும் வந்தது. அதே பேட்டையில் வாழ்கிறவர்களுக்கு முன்னுரிமை உண்டா? அவர்களுக்குக் கடன் யார் கொடுப்பார்கள்?

கேள்வி நியாயமானது. 1970-களின் வீடுகள் துறைமுகத்தை ஒட்டி இருந்தன, மதிப்பு உயரும் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போதைய காலி வீடுகள் பெரும்பாலும் சிவப்புக் கோட்டுக்குள் மாட்டிய அதே கிழக்கு, மேற்குப் பேட்டைகளில் இருக்கின்றன. இரண்டு லட்சம் டாலர் செலவு செய்து புதுப்பித்த வீட்டை ஒன்றரை லட்சத்துக்குத்தான் விற்க முடியும் என்ற நிலை வந்தால் எந்த வங்கியும் முன்வராது. நடுவில் விழுகிற அந்த ஐம்பதாயிரத்தை யாராவது போட்டாக வேண்டும். 1975-ல் அரசு போட்டது.

மறுபக்கம், பணம் கொட்டினாலும் போதாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வடக்கே 2000-களில் நடந்த பெரிய சீரமைப்பில் 700-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. புதுக் கட்டடங்கள் வந்தன, பழைய மனிதர்கள் போனார்கள். பேட்டையைக் காப்பாற்றுவது என்றால் செங்கல்லைக் காப்பாற்றுவதா, அங்கே இருந்தவர்களைக் காப்பாற்றுவதா?

காலி வீட்டை வாங்கிப் புதுப்பிப்பது தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் பக்கத்து இரண்டு வீடுகளின் சுவரும் பிழைக்கிறது. இருபது வருடமாக இடிந்த வீடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வீட்டில் வாடகையோ வரியோ தவறாமல் கட்டிக்கொண்டு, படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு இருக்கும் முதியவருக்குப் பக்கத்து வீட்டுக்கு ஆள் வருவது பெரிய ஆறுதல். ஆனால் மதிப்பு உயர்ந்து சொத்து வரியும் உயரும்போது அவரை அந்தத் தெருவில் இருக்க விடுகிறதா என்பதுதான் எந்தத் திட்டத்துக்கும் உண்மையான பரீட்சை.

ஏலத்தில் வரும் ஒவ்வொரு வீடும் அதற்கு முன் யாரோ ஒருவர் இழந்த வீடு. வில்லங்கச் சான்றிதழில் கடன் தெரியும், வரி பாக்கி தெரியும், அடிமனை வாடகை தெரியும். 1910-ம் 1937-ம் 971 வீடுகளும் அதில் தெரியாது. ஆனால் கூரை ஒழுகுவது அங்கிருந்துதான்.